ஈயப் பதக்கத்தில் ஒரு துளை

வேலூர் லாங் பஜாரை ஒட்டிய சந்து ஒன்றில் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசிக்கொண்டிருந்த பெரியவர், தன் தகரப் பெட்டியின் அடியிலிருந்து அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சாம்பல் நிற வட்டம். ஒரு முகத்தில் சிங்கம் ஒன்று புலியைக் கீழே தள்ளி அதன் மேல் நிற்கிறது. சிங்கத்தின் பிடரியும் முகமும் தேய்ந்து மழுங்கியிருந்தன. மறுமுகத்தில் ஒரு கோட்டை, அதை நோக்கி ஓடும் படை, மேலே சூரியன்.

"உருக்கலாம்னுதான் வாங்கிப் போட்டேன் தம்பி. பொம்மை நல்லா இருக்கு. அடுப்புல போட மனசு வரல" என்றார்.

எனக்குக் கை நடுங்கியது. இருபது ஆண்டுகளாகப் பழைய படைப் பதக்கங்களைத் தேடிச் சேர்த்துவருகிறேன். ஸ்ரீரங்கப்பட்டணப் பதக்கத்தைப் புத்தகங்களிலும் ஏலப் பட்டியல்களிலும்தான் பார்த்திருந்தேன். வெள்ளியிலும் வெண்கலத்திலும் வந்தவற்றின் படங்கள் அவை. வெள்ளீயத்தில் வந்ததை ஒருநாளும் தொட்டதில்லை. பெட்டிக்குப் புதிதாக ஈயக்கட்டி வாங்கிக்கொள்ளும்படி பெரியவர் கையில் பணத்தைத் திணித்துவிட்டு, ஏதோ திருடியவன்போல வேகமாக நடந்தேன்.

1799 மே 4 அன்று கிழக்கிந்தியக் கம்பெனியின் படை ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டையைப் பிடித்தது. மைசூரை ஆண்ட திப்பு சுல்தான் அன்று களத்தில் இறந்தார். அதற்காகக் கம்பெனி அடித்த பதக்கம் இது. வடிவமைத்தவர் கான்ராட் ஹைன்ரிச் கூக்லர். பர்மிங்காமில் மேத்யூ போல்டனின் சோஹோ நாணயச்சாலையில் அச்சிட்டார்கள். கல்கத்தாவிலும் தங்கத்திலும் வெள்ளியிலும் மட்டும் கொஞ்சம் அடித்தார்கள். எல்லாம் சேர்த்துத் தங்கத்தில் 113, தங்கமுலாம் பூசிய வெள்ளியில் 185, வெள்ளியில் 3,636, வெண்கலத்தில் 5,000, வெள்ளீயத்தில் 45,000. தளபதிகளுக்குத் தங்கம், கர்னல் மேஜர்களுக்கு முலாம், இளைய அதிகாரிகளுக்கு வெள்ளி, அவர்களுக்குக் கீழே ஹவில்தார் நிலையில் இருந்தவர்களுக்கு வெண்கலம். துப்பாக்கி தூக்கிய சாதாரண வீரனுக்கு, அவன் வெள்ளைக்காரனானாலும் நம் ஊர்ச் சிப்பாயானாலும், ஈயம்.

அதிகம் அடித்தது ஈயத்தில் என்றால் அதிகம் கிடைக்க வேண்டியதும் அதுதானே? ஆனால் ஈயம் மென்மையான உலோகம். நகத்தால் அழுத்தினாலே கீறல் விழும். 232 டிகிரியில் உருகிவிடும். ஈயச் சொம்பில் ரசம் வைக்கும் வீடுகளில், சொம்பு காய்வதற்கு முன் புளித்தண்ணீரை ஊற்றிவிட வேண்டும் என்று மருமகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். அப்படி ஒரு உலோகத்தில் அடித்த பதக்கம், படைவீரன் இறந்து இரண்டு தலைமுறை கழிந்தபின் பாத்திரத்துக்குப் பூச்சாகப் போயிருக்காதா? நான் வாங்கியதே ஈயம் பூசுபவரின் பெட்டியிலிருந்துதான்.

வீட்டுக்கு வந்ததும் இடுக்கிமானியை எடுத்து அளந்தேன். 48 மில்லிமீட்டர். சோஹோ அச்சுக்கு இதுவே அளவு. கல்கத்தாவில் அடித்தவை 45. போலிகளை அசல் ஒன்றிலிருந்து அச்செடுத்து வார்ப்பார்கள். வார்த்த உலோகம் ஆறும்போது சுருங்கும் என்பதால் அவை ஒரு மயிரிழை சிறுத்தே இருக்கும், விளிம்பில் அரம் தேய்த்த தடம் தெரியும், எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இராது. என்னுடையதில் கோட்டைப் பக்கத்து எழுத்து ஒவ்வொன்றும் கத்திமுனை போல நின்றது. அசல்தான். உச்சியில் மட்டும் ஒரு துளை. யாரோ ஆணியால் அடித்துப் போட்டிருக்கிறார்கள். கம்பெனி இந்தப் பதக்கத்துக்கு நாடாவும் தரவில்லை, கொக்கியும் வைக்கவில்லை. மாட்டிக்கொள்ள விரும்பியவன் தானே வழி செய்துகொள்ள வேண்டியதுதான்.

என் பெரியப்பா மகன் வேலூர் பக்கம் கம்மவான்பேட்டையில் இருக்கிறார். வீட்டுக்கு ஒருவராவது படைக்குப் போனதால் ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிய ஊர் அது. அண்ணன் மதராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். பதக்கத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். சிங்கத்தையும் பார்க்கவில்லை, கோட்டையையும் பார்க்கவில்லை. நேராக விளிம்பைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார்.

"பேரு இல்லையே?"

படைக்காரரின் பார்வை அது. பதக்க ஆராய்ச்சியின் உயிரும் அந்த விளிம்பில்தான் இருக்கிறது. அண்ணன் வாங்கிய பதக்கங்களின் விளிம்பில் அவருடைய எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். 1815 வாட்டர்லூ பதக்கத்திலிருந்து பிரிட்டிஷ் படையில் எல்லா நிலையினருக்கும் பெயர் பொறித்துத் தரும் வழக்கம் வந்தது. முதல் உலகப்போருக்கான வெள்ளிப் பதக்கத்தை எடுத்தால் விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் இருக்கும். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஆவணக் காப்பகத்துக்குப் போனால் ஒரு மனிதனின் வாழ்க்கையே திறக்கும். பெயர் தேய்த்து அழிக்கப்பட்டிருந்தால் விளிம்பு அந்த இடத்தில் மட்டும் ஒல்லியாக இருக்கும். இடுக்கிமானியை வைத்தாலே சொல்லிவிடும். 1980இல் உலகச் சந்தையில் வெள்ளி விலை எகிறியபோது இந்தப் பதக்கங்கள் எத்தனையோ உருக்கப்பட்டன. நம் ஊர்க் காசுக்கடைகளில் பழைய வெள்ளிக் கொலுசுகளுக்கு நடுவே தராசுத்தட்டில் கிடந்த ஒன்றை நானே கெஞ்சி வாங்கியிருக்கிறேன். அதே போரில் சுமை தூக்கவும் பாதை வெட்டவும் போன சீன, மால்டா, இந்தியத் தொழிலாளர் படையினருக்கு அதே பதக்கத்தை வெள்ளியில் தராமல் வெண்கலத்தில் தந்தார்கள். ஒரு நூற்றாண்டு கடந்தும் உலோகத்தால் மனிதனைத் தரம் பிரித்தார்கள். ஆனால் அந்த வெண்கலத்திலாவது பெயர் இருந்தது.

ஸ்ரீரங்கப்பட்டணப் பதக்கத்தில் அதுவும் கிடையாது. இதை வாங்கியவன் வந்தவாசிக்காரனா, வாலாஜாபேட்டையா, நெல்லூர்ப் பக்கத்துத் தெலுங்கனா? ஆளைத் தேட வழியில்லை. அவன் நடந்த வழியையாவது பார்க்கலாம் என்றேன். "வண்டி எடு" என்றார் அண்ணன்.

கம்பெனிப் படையின் தலைவர் ஜெனரல் ஹாரிஸ் வேலூரிலிருந்து படையோடு புறப்பட்டது 1799 பிப்ரவரி 11இல். மே 2 விடியற்காலையில் நாங்கள் கோட்டை அகழியைச் சுற்றிக்கொண்டு கிளம்பினோம். அகழி நிறைய தண்ணீர். இந்தக் கோட்டைக்கும் என் பையில் இருந்த பதக்கத்துக்கும் இன்னொரு முடிச்சு உண்டு. திப்பு இறந்தபின் அவருடைய பிள்ளைகளை இங்கேதான் கொண்டுவந்து வைத்தார்கள். 1806 ஜூலை 10 அதிகாலையில் இதே கோட்டையில் சென்னைப் படைச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். நெற்றியில் குறி இடக் கூடாது, காதில் கடுக்கன் போடக் கூடாது, புதுவகைத் தலைப்பாகை அணிய வேண்டும் என்ற உத்தரவுகள் அவர்களை அந்த இடத்துக்குத் தள்ளியிருந்தன. பகல் ஏறுவதற்குள் ஆர்க்காட்டிலிருந்து வந்த குதிரைப்படை நூற்றுக்கணக்கான சிப்பாய்களைக் கொன்று தீர்த்தது. ஸ்ரீரங்கப்பட்டணப் பதக்கம் படையினர் கைக்கு வந்தது 1808இல். ஒன்பது ஆண்டு தாமதம். நடுவில் நின்றது வேலூர். 1799இல் காவிரியைக் கடந்து கோட்டையைத் தாக்கியவர்களில் எத்தனை பேர் ஈயம் வந்து சேரும்வரை உயிரோடு இருந்தார்கள்? எந்தப் பதக்கத்தைக் கையில் எடுத்தாலும் போர் நடந்த தேதியையும் பதக்கம் கைக்கு வந்த தேதியையும் சேர்த்தே நினைக்கிறேன்.

இன்று நான்குவழிச் சாலையில் சில மணி நேரத்தில் மைசூர்ப் பக்கம் போய்விடலாம். நாங்கள் கிருஷ்ணகிரிக்கு அப்புறம் அதை விட்டு விலகி ராயக்கோட்டை, கெலமங்கலம், ஆனேக்கல், கனகபுரா, மளவள்ளி என்று போனோம். ஹாரிஸ் படை தங்கித் தங்கிப் போன ஊர்கள் இவை. ராயக்கோட்டையில் மலைக்கோட்டை ஏறினோம். பாதி வழியில் அண்ணன் ஒரு பாறையில் உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டே இருந்தார். பீரங்கிகளையும் அரிசி மூட்டைகளையும் இழுத்துக்கொண்டு மாட்டுக்கூட்டம் சமவெளியை மூடிக்கொண்டு நகர்ந்த வழி கீழே கிடந்தது. வழியெங்கும் மைசூர்க் குதிரைப்படை புல்லை எரித்துக்கொண்டே போனதால் மாடுகள் தீவனமில்லாமல் செத்தன. "மாடு செத்தா அந்த மூட்டைய யாரு தூக்கியிருப்பா?" என்று அண்ணன் கேட்டார். படையில் இருந்தவருக்குத்தான் அந்தக் கேள்வி வரும்.

மளவள்ளியில் மார்ச் 27 அன்று ஒரு சண்டை நடந்தது. இப்போது அங்கே கரும்பும் நெல்லும்தான். ஒரு இரவு தங்கிவிட்டு, மறுநாள் காவிரியை ஒட்டியே சுற்றிக்கொண்டு, மே 4 காலையில் ஸ்ரீரங்கப்பட்டணத் தீவுக்குள் நுழைந்தோம்.

முதலில் தரியா தௌலத் பாக். திப்பு 1784இல் கட்டிய கோடை மாளிகை. தேக்கு மாளிகையின் மேற்குச் சுவர் முழுக்க ஒரு போர்: புள்ளலூர், 1780 செப்டம்பர் 10. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், நம் வயல்வெளியில், ஹைதரும் அவர் மகன் திப்புவும் கம்பெனியின் கர்னல் பெய்லியின் படையை நொறுக்கிய நாள். பல்லக்கில் காயத்தோடு பெய்லி, வெடித்துச் சிதறும் மருந்து வண்டி, சதுரமாகச் சுருங்கி நிற்கும் சிவப்புச் சட்டைகள். பெய்லியின் படையில் பெரும்பகுதி சென்னைச் சிப்பாய்கள். அன்று சிறைபிடிக்கப்பட்டவர்களில் டேவிட் பேர்டு என்ற இளம் அதிகாரியும் ஒருவர். மூன்றரை ஆண்டுக்கு மேல் இந்தத் தீவில் கைதியாகக் கிடந்தார். பெய்லி சிறையிலேயே இறந்தார். பத்தொன்பது ஆண்டு கழித்து, 1799 மே 4 அன்று, கோட்டைச் சுவரின் உடைப்புக்குள் படையை நடத்திச் சென்றவர் அதே பேர்டு. வெற்றி பெற்றவன் சுவரில் வரைகிறான், அடுத்து வென்றவன் உலோகத்தில் அடிக்கிறான். சித்திரமும் பதக்கமும் ஒரே சண்டையின் இரண்டு முனைகள் என்பது அந்தச் சுவருக்கு முன்னால் நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது.

பதக்கத்தின் சிங்கப் பக்கத்தில் ஒரு கொடி பறக்கிறது. அதில் அரபி எழுத்து: அசத் அல்லாஹ் அல்-காலிப். இறைவனின் சிங்கம், வெல்பவன். ஹஸ்ரத் அலியின் சிறப்புப் பெயர் அது. திப்பு இந்தச் சொற்களைப் புலிமுக வடிவில் வளைத்து எழுதித் தன் கொடியிலும் ஆயுதங்களிலும் பொறித்துவைத்தார். கம்பெனி, திப்புவின் சின்னமான புலியை வீழ்த்தியதோடு நிற்கவில்லை. புலியின் வாயிலிருந்த சொல்லையும் பிடுங்கிப் பிரிட்டிஷ் சிங்கத்துக்குச் சூட்டியது. பதக்கத்தை வடித்தவர்களுக்கு அந்தச் சொற்கள் யாருடையவை என்று தெரிந்தே இருந்தது. அதனால்தான் எனக்கு அந்தச் சிங்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு கசக்கிறது.

கோட்டைக்குள் ரங்கநாதர் கோயிலில் கூட்டம். வடக்கு மதிலுக்கு அருகே திப்புவின் உடல் கிடந்த இடத்தில் ஒரு கல். பெய்லி சிறை என்று சொல்லும் நிலவறையில் குளிர்ச்சி. கூரை உடைந்து உள்ளே விழுந்த பீரங்கி ஒன்று இன்னும் அங்கேயே கிடக்கிறது. எல்லாவற்றையும் வேகமாகப் பார்த்தோம். எனக்கு மதியத்தில் ஒரு வேலை இருந்தது.

பதக்கத்தின் மறுபக்கத்துச் சூரியன் உச்சியில் நிற்பதாகக் காட்டியிருக்கிறது, தாக்குதல் நடந்த நேரத்தைக் குறிக்க. ரோமன் எண்களில் தேதி இருப்பது சிங்கப் பக்கத்தின் அடியில். இந்தப் பக்கத்தின் அடியில் பாரசீகத்தில், இறைவன் கொடையாகக் கிடைத்த ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை, ஹிஜ்ரி 1213 துல்கஅதா 28 என்ற வாசகம். பேர்டு வாளை உருவியது பிற்பகல் ஒரு மணி சுமாருக்கு. அது அன்றைய உள்ளூர்ச் சூரிய மணி. இந்தியப் பொது நேரத்தில் ஏறக்குறைய ஒன்று இருபது. அந்த வேளையில் உடைப்பு இருந்த மேற்கு மூலையில் நிற்க வேண்டும் என்றுதான் இவ்வளவு தூரம் வந்தேன்.

இப்போதெல்லாம் கத்திரி தொடங்குவதும் மே 4இல்தான். வெயில் மண்டையைப் பிளந்தது. மதிலின் மேலிருந்து பார்த்தால் கீழே காவிரி, பாறையும் பாறைக்கு நடுவே ஒடுங்கிய தண்ணீருமாக. இன்னும் சில வாரம் தாமதித்திருந்தால் மழை வந்து ஆறு பெருகி, முற்றுகையே குலைந்திருக்கும். அந்த அவசரத்தில்தான் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கோடை ஆற்றில் இறங்கி ஓடினார்கள். ஆறே நிமிடத்தில் கொடி உடைப்பின் மேல் ஏறிவிட்டது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மதிய உணவிலிருந்த திப்பு எழுந்து வருவதற்குள் பாதி முடிந்திருந்தது.

பதக்கத்தை எடுத்து நீட்டிப் பிடித்தேன். கூக்லர் இங்கே வந்து பார்த்து வரைந்தவரல்லர். ஆனாலும் மதிலின் சரிவும் ஆற்றின் பள்ளமும் ஏதோ ஒரு விதத்தில் பொருந்தி நின்றன. ஈயம் வெயிலில் சூடேறி விரலைச் சுட்டது.

அண்ணன் உடைப்பிடத்தில் நிற்கும் நினைவுத்தூணைச் சுற்றிவந்து படித்துக்கொண்டிருந்தார். 1907இல் மைசூர் மகாராஜா அரசு நிறுவிய தூண். இறந்த அதிகாரிகளின் பெயர்களும் படைப்பிரிவுகளும் அதில் உள்ளன.

"நம்ம பசங்க பேரு எங்கடா?" என்று கேட்டார்.

இல்லை. பதக்கத்திலும் இல்லை, கல்லிலும் இல்லை. கொள்ளையைப் பங்கிட்டபோது ஹாரிஸுக்கு ஒரு லட்சம் பவுனுக்கு மேல் கிடைத்தது. சிப்பாய்க்கு ஐந்து பவுன் அளவில். அந்தக் கணக்கிலும் அவன் ஒரு எண்தான். எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கம்பெனி காலத்து ராணுவத் துறைப் பதிவுகளைப் புரட்டியிருக்கிறேன். மாடு எத்தனை, அரிசி எத்தனை மூட்டை, யார் எந்தப் பட்டாலியனுக்கு மாறினார் என்றெல்லாம் வரும். நான் புரட்டிய ஏடுகளில் சிப்பாய் எண்ணிக்கையாகத்தான் வந்தான்.

இவனை நான் வீரன் என்று கொண்டாடவும் வரவில்லை. கம்பெனிக்காகத் தென்னாட்டில் ஒரு அரசை வீழ்த்தப் போனவன். இந்தியப் படையே இன்று ஸ்ரீரங்கப்பட்டணம் என்ற போர்ப்பெருமையை விழா நாளாகக் கொண்டாடுவதில்லை. அது சரிதான் என்று அண்ணனும் சொல்கிறார், நானும் நம்புகிறேன். ஆனால் மாதச் சம்பளத்துக்காக வேலூரிலிருந்து நடந்து வந்து, இந்தக் கொதிக்கும் பாறைகளில் ஓடிய ஒருவன் இருந்தான் என்பதை மறந்துவிடவும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

வெயில் தாழ்ந்தபின் பழைய வெள்ளைக்காரர் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். காவிரிக்கரையில் மரநிழலில் இருக்கிறது. அங்கே கிடப்பவர்களில் பலர் டி மெரோன் படைப்பிரிவைச் சேர்ந்தவர்கள். சுவிட்சர்லாந்துக்காரர்கள், முதலில் டச்சுக்காரரிடம் கூலிக்கு இலங்கையில் நின்று, 1795இல் கட்சி மாறிப் பிரிட்டிஷ் பக்கம் வந்து, இங்கே வந்து சண்டை போட்டார்கள். அவர்களுடைய மனைவி மக்களுக்கும் கல்லில் பெயர் வெட்டியிருக்கிறது.

அண்ணன் கோயில் கடையில் வாங்கிவந்திருந்த கறுப்புக் கயிற்றை அங்கே உட்கார்ந்து வெளியே எடுத்தார். பதக்கத்தின் துளையில் கோத்து முடிச்சிட்டார். பிறகு கண்ணுக்கு அருகே கொண்டுபோய் நெடுநேரம் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"சிங்கம்தான் ரொம்பத் தேஞ்சிருக்கு பாரு. கோட்டை அப்படியே இருக்கு."

அதை நானும் முதல் நாளே பார்த்தேன். ஏன் என்று யோசிக்கவில்லை. கழுத்தில் தொங்கும் பதக்கத்தில் சட்டையோடும் நெஞ்சோடும் உரசும் முகம்தான் தேயும். வெளியே பார்க்கும் முகம் அவ்வளவு தேயாது. துளையைத் தடவிப் பார்த்தேன். ஆணி கோட்டைப் பக்கத்திலிருந்து இறங்கியிருந்தது. பிதுங்கிய ஈயத்தின் விளிம்பு சிங்கப் பக்கத்தில் நின்றது. அடிக்கும்போதே கோட்டையை மேலே வைத்து அடித்திருக்கிறான். கம்பெனியின் சிங்கத்தை உள்ளே திருப்பி, தான் ஓடிய ஆற்றையும் மதிலையும் வெளியே காட்டி, மேல்தோல் மழுங்கும் அளவுக்கு நாள்தோறும் போட்டிருக்கிறான்.

வேண்டுமென்றே செய்தானா? இருட்டில் ஆணி அடித்தானா? அண்ணனிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. கயிற்றை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்திருந்தார். தலையை லேசாகக் குனிந்தார். மாட்டிக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன்.

"வேணாம்" என்றார். "எனக்குக் கொடுத்தது இல்ல இது."

முடிச்சை அவிழ்த்துக் கயிற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பதக்கத்தைப் பஞ்சில் சுற்றி என்னிடம் நீட்டினார்.